சர்க்கஸில் பார் விளையாட்டு பார்க்கப் போகிறீர்களா?

ரிங்கை ஒட்டிய நாற்காலிக்கு அடித்துக்கொள்ளாதீர்கள். பார் விளையாட்டு, அதாவது ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் தாவும் வித்தை, கூடாரத்தின் உச்சியில் நடப்பது. அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் கழுத்துவலிதான் மிச்சம். ஊஞ்சல்கள் ஆடும் திசைக்குப் பக்கவாட்டில், கேலரியில் பாதி உயரத்தில் உட்காருங்கள். இரண்டு ஊஞ்சலும் ஒரே பார்வையில் அடங்கும்.

அப்புறம், பறந்து வருபவரையே பார்க்காமல், எதிர் ஊஞ்சலில் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்குபவரைக் கவனியுங்கள். விரல்களை அல்ல, மணிக்கட்டைத்தான் பிடிப்பார். பிடித்த நொடியில் வெள்ளைப் பவுடர் புகைபோலத் தெறிக்கும்; வியர்வையில் வழுக்காமலிருக்கப் பூசியது அது. 1859-இல் பாரிஸில் பிரெஞ்சு வித்தைக்காரர் ழூல் லியோத்தார் முதன்முதலில் ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் தாவியபோது கீழே வலைகூடக் கிடையாது, மெத்தைதான்.

கடைசியில் வலையில் முதுகு படும்படி விழுவார்கள். அது தவறி விழுவதல்ல என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்.