மாரடைப்புக்குப் பின் ஐ.சி.யூ.வில் பிதற்றல்: கூட இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

காலையில் பேரனைப் பற்றித் தெளிவாகப் பேசியவர், இரவில் "பஸ் வந்துடுச்சா?" என்று கேட்டு டிரிப் ஊசியைப் பிடுங்குவார். பதற வேண்டாம், அது பைத்தியமல்ல. உடம்பின் கோளாறு மூளையைத் தற்காலிகமாகக் கலக்குவதுதான் டெலிரியம். இதயம் போதிய ரத்தத்தை அனுப்பாதது, ஆக்சிஜன் குறைவு, சோடியமோ சர்க்கரையோ இறங்குவது, கிருமித் தொற்று, வலி, சிறுநீர் அடைப்பு, தூக்கமின்மை, சில மருந்துகள் என்று காரணங்கள் பல. பெரும்பாலும் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும்.

கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். தவறவிடப்படுபவர் சத்தமில்லாமல் அடங்கிப்போகிறவர். கூப்பிட்டால் கண் திறப்பார், பேச்சின் பாதியில் நழுவிவிடுவார், ஊட்டிய சோற்றை விழுங்காமல் வாயிலேயே வைத்திருப்பார் (அப்போது மேற்கொண்டு ஊட்டாதீர்கள், புரையேறும்). "அசதியில் தூங்குகிறார்" என்று விட்டுவிடுவது வழக்கம்.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை செய்யலாம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்று என்று சொல்லும்போது மட்டும் அழுத்துங்க" என்று சொல்லுங்கள். பிறகு 8, 1, 7, 5, 1, 4, 1, 1, 3, 6 என்று நிதானமாகச் சொல்லுங்கள். ஒன்றுக்கு அழுத்தாவிட்டாலும் மற்ற எண்ணுக்கு அழுத்தினாலும் தவறு. மூன்று தவறு வந்தால் கவனம் சிதறியிருக்கிறது. உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு இயல்பாக இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த நேரம் ஏன் முக்கியம்? வாய் கோணினாலும், ஒரு கை தளர்ந்தாலும், வார்த்தை குழறினாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினோ போட்டவர் திடீரெனக் குழம்பினால் மூளையில் ரத்தக்கசிவு உண்டா என்று பார்த்தாக வேண்டும். அதற்கு ஸ்கேன் தேவைப்படும்.

டாக்டரிடம் மறைக்கக் கூடாதது குடிப்பழக்கம். மானம் போகுமென்று வீட்டார் பலர் மறைக்கிறார்கள். தினமும் குடித்தவருக்குக் குடி நின்ற ஒரு நாளுக்குள் கைநடுக்கம் தொடங்கலாம். கடும் பிதற்றல் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு நாளுக்குள் வரும். லோராசெபாம் போன்ற, தூக்கம் தந்து அமைதிப்படுத்தும் மருந்துகள் மற்ற டெலிரியத்தைக் கூட்டிவிடும், ஆனால் குடி நின்றதால் வந்ததற்கு அவைதான் சிகிச்சை. உண்மை தெரியாவிட்டால் சிகிச்சையே தலைகீழாகிவிடும். எத்தனை குவார்ட்டர், கடைசியாகக் குடித்தது என்றைக்கு என்று சொல்லுங்கள். வழக்கமாகப் போடும் தூக்க மாத்திரை, புகையிலை, ஏற்கெனவே இருந்த மறதி ஆகியவற்றையும் சொல்லிவிடுங்கள்.

பார்வை நேரத்தில் ஒருவர் மட்டும் உள்ளே போங்கள். கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் கொண்டுபோய் மாட்டிவிடுங்கள். காது கேட்காதவருக்குப் பாதிக் குழப்பம் அதனாலேயே வரும். "அப்பா, நான் செல்வி. இது ஆஸ்பத்திரி. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, மணி பதினொன்று" என்று சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். சுவரில் பாம்பு என்றால் வாதாட வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "எனக்குத் தெரியலப்பா, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்பது போதும். பகலில் திரையைத் திறந்து வெளிச்சம் விடவும், இரவில் விளக்கைக் குறைக்கவும், டாக்டர் அனுமதித்தால் உட்கார வைக்கவும் சிஸ்டரிடம் கேளுங்கள். வீட்டிலிருந்து அவில் (அலர்ஜி) மாத்திரை கொடுத்துத் தூங்க வைக்காதீர்கள், குழப்பம் கூடும்.

தொடை வழியாக ஆஞ்சியோ செய்தவர் காலை மடக்கினாலோ எழுந்தாலோ ஊசி குத்திய இடம் திறந்து ரத்தம் பீறிடலாம். அதனால்தான் கையைக் கட்டச் சொல்லத் தோன்றும். ஆனால் கட்டினால் அவர் இன்னும் திமிறுவார். பக்கத்தில் ஒருவர் உட்கார அனுமதி கேட்பதே மேல்.

அடக்குவதற்குச் சிலருக்கு ஹாலோபெரிடால் தருவதுண்டு. அது ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளியை (ஒரு துடிப்பில் இதயக் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீளும் நேரம்) நீட்டி ஆபத்தான துடிப்புக் கோளாறை உண்டாக்கலாம். மாரடைப்பு வந்த இதயத்துக்கு இது கூடுதல் கவலை. ஈ.சி.ஜி., பொட்டாசியம், மெக்னீசியம் பார்த்தாயிற்றா என்று தயங்காமல் கேளுங்கள். இந்த மருந்து டெலிரியத்தின் நாட்களைக் குறைப்பதில்லை என்றே 2018-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் தெரிந்தது. தனக்கோ பிறருக்கோ காயம் நேரும் அளவுக்குத் திமிறும்போதுதான் அதற்கு வேலை.

குழப்பம் சில நாட்களில் தெளியலாம், முதியவர்களுக்கு வாரக்கணக்கிலும் இழுக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் ஹாலோபெரிடாலோ, அதைப் போன்ற க்யூடியாபினோ இருந்தால், எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். பிதற்றல் நின்ற பிறகும் அவை மாதக்கணக்கில் தொடர்வதுண்டு. ஸ்டென்ட்டில் ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெலை மட்டும் எதற்காகவும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.