பிரஷைக் கீழே வை, தம்பி

போன மாதம் ஆற்றங்கரைப் பக்கம், வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே, மாணவர்களோடு தொல்லியல் களப்பணி. பனைநிழலில் ஒரு தம்பி பானை ஓடுகளை வாளியில் போட்டுக் கறகறவென்று தேய்த்துக்கொண்டிருந்தான். படிக்கிற காலத்தில் நானும் அப்படியேதான். தொப்பி போடு, தண்ணீர் குடி என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுகிறேன். களத்தில் செய்யக் கூடாதவை மட்டும் சொல்கிறேன்.

உள்பக்கக் கறுப்பைத் தேய்ப்பது

நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். என் முதல் களப்பருவத்தில் தடித்த ஓடு ஒன்று கிடைத்தது. உள்ளே தோல் மாதிரி கறுப்புப் படிவு. அடுப்புக் கரி என்று நினைத்தேன். (அடுப்புக் கரி வெளியே அல்லவா பிடிக்கும்?) பல் துலக்கும் பிரஷால் பொருக்குப் பொருக்காகப் பெயர்த்து, வெயிலில் காயவைத்து, 'ரோமானிய ஆம்போரா' (இரு கைப்பிடி வைத்த ஒயின் சாடி) என்று பதிவேட்டில் எழுதினேன். அழகன்குளம் அகழாய்வில் கிடைத்ததாயிற்றே, இங்கே கிடைக்காதா என்ற நப்பாசை.

அந்தக் கறுப்புதான் சாட்சி. மத்தியதரைக் கடல் ஒயின் சாடிகளின் உட்புறம் பைன் மரப் பிசின் பூசுவார்கள். பாரசீக வளைகுடாப் பக்கத்து டார்பிடோ சாடிக்கு (நீண்டு அடி கூம்பிய சாடி) நிலக்கீல். அந்தச் சாடிக்குக் கைப்பிடி கிடையாது. ஆனால் கையகலத் துண்டைப் பார்த்துக் கைப்பிடி இருந்ததா என்று எப்படிச் சொல்வது? பூச்சு இருந்தால் பிசினா கீலா என்று ஆய்வகம் சொல்லிவிடும். கீல் என்றால் எந்த வட்டாரத்துக் கீல் என்பதுவரை தேடலாம். ரோம வணிகமா, அதற்குப் பிந்தைய பாரசீகச் சாசானியர் காலமா என்ற விடை வாளித் தண்ணீரோடு போயிற்று. வைவாவில் (பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு) முதல் கேள்வியே, "உள்பூச்சு எங்கேப்பா?" ஓர் அத்தியாயத்தையே எடுத்துவிட்டுத்தான் பட்டம் வாங்கினேன்.

கறுப்பு தெரிந்தால் தண்ணீர் காட்டாதீர்கள். விரலால் தடவாதீர்கள். அலுமினியத் தாளில் மடித்துத் தனியே வையுங்கள். பிளாஸ்டிக் உறை பட்டால் அதன் ரசாயனமும் சோதனையில் கலந்துவிடும்.

எல்லாமே ரோம்

1945-இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டைத் தோண்டிய தொல்லியலாளர் வீலரே ரௌலட்டட் ஓடுகளை (உள்ளே புள்ளிக் கோல வளையம் பதித்தவை) மத்தியதரைக் கடல் சரக்கு என்று நினைத்தார். இந்தியாவில் செய்தவை என்று பிறகுதான் தெரிந்தது. நாம் எம்மாத்திரம்!

பேனாவால் அடையாளச் சீட்டு எழுதுவது

பென்சில்.

மழைக்கு மறுநாள் தூங்குவது

மண் கரைந்து ஓடுகள் மேலே தெரியும் நாள் அதுதான். ஆடு மேய்ப்பவர் உங்களுக்கு முன்னால் அங்கே இருப்பார். அவரிடம் பேசுங்கள்.