ஆளுமைச் சித்திரத்துக்கு ஆள் தேடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தனிமனிதரை நெருங்கிப் பார்த்து எழுதும் ஆளுமைச் சித்திரக் கட்டுரை ஒன்று மந்தமாக அமைந்துவிட்டால், நடையைத் திருத்த உட்காருவதற்கு முன், அந்த ஆளை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று யோசித்துப் பார்ப்பது நல்லது.

அடிக்கடி நேரும் தவறு, பொருளை முடிவுசெய்துவிட்டு அதற்கு ஆள் பிடிப்பது. முதுமையின் தனிமையைப் பற்றி எழுத வேண்டும் என்று ஆசிரியர் குழுவில் பேச்சு எழுகிறது. நிருபரும் தனியாக வாழும் முதியவர் ஒருவரைக் கண்டுபிடித்து, தான் ஏற்கெனவே நம்புவதை அவர் வாயால் சொல்லவைத்துத் திரும்புகிறார். அவர் பெயரை நீக்கிவிட்டு அதே நிலையில் உள்ள வேறொருவரின் பெயரைப் போட்டாலும் கட்டுரை மாறாது என்றால், அது செய்திக்கட்டுரையாக இருக்கலாம், ஆளுமைச் சித்திரம் ஆகாது. இவர் இப்போது எதற்காகப் பாடுபடுகிறார், எது குறுக்கே நிற்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் முதல் சந்திப்பிலேயே ஓரளவு விடை தெரிய வேண்டும். சாதித்து முடித்து ஓய்ந்தவர்களைப் பற்றிய கட்டுரைகள் பாராட்டுரையாகச் சரிவது இதனால்தான்.

புகழை அளவுகோலாகக் கொள்வதும் தவறே. புகழ்பெற்றவர் நூறு பேட்டிகளில் சொன்னதையே நம்மிடமும் சொல்வார். 1963 நவம்பரில் அமெரிக்க அதிபர் கென்னடியின் இறுதிச் சடங்கில் நிருபர்கள் திரண்டிருந்தபோது, பத்திரிகையாளர் ஜிம்மி பிரெஸ்லின் கென்னடிக்குக் குழி வெட்டிய தொழிலாளியைத் தேடிப்போனார், மணிக்கு 3.01 டாலர் கூலி வாங்கிய அந்த மனிதரைப் பற்றி பிரெஸ்லின் எழுதியது இன்றும் இதழியல் வகுப்புகளில் பேசப்படுகிறது.

பேசச் சம்மதிப்பதையும், உடனிருந்து பார்க்க இடம் தரும் அணுக்கத்தையும் ஒன்றென்று எண்ணுவது அனுபவசாலிகளும் செய்யும் பிழை. தொலைபேசியில் "தாராளமாக வாருங்கள்" என்றவர், ஒரு மணி நேரம் வரவேற்பறையில் பேசி அனுப்பிவிடக்கூடும். வேலை செய்யும் இடத்தில் உடனிருக்கலாமா, எத்தனை நாள், குடும்பத்தாரிடமும் சக ஊழியர்களிடமும் பேசலாமா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். மறுப்பு எப்போதும் முடிவல்ல என்பதும் உண்மை. பாடகர் ஃபிராங்க் சினாட்ரா பேட்டி தர மறுத்தபோது, பத்திரிகையாளர் கே டலீஸ் அவரைச் சுற்றியிருந்தவர்களிடம் பேசியும் தூர நின்று கவனித்தும் எழுதிய கட்டுரை 1966 ஏப்ரலில் எஸ்கொயர் என்ற அமெரிக்க இதழில் வந்தது. ஆனால் டலீஸுக்கு வாரக்கணக்கில் அவகாசம் இருந்தது. நாளைக்கே கட்டுரையைக் கொடுக்க வேண்டியவர் இன்னொருவரைத் தேடுவதே உத்தமம்.

நண்பர், உறவினர், நமக்குக் கடன்பட்டவர் ஆகியோரை விட்டுவிடுங்கள்; கசப்பான கேள்வியை அவர்களிடம் கேட்க மாட்டோம்.

சுவாரசியமாகப் பேசுபவரிடம் மயங்கிவிடுவதும் ஆபத்தானது. நியூயார்க்கில் ஜோ கோல்ட் என்பவர் மக்கள் பேசக் கேட்டதைத் தொகுக்கும் பிரம்மாண்டமான வாய்மொழி வரலாறு ஒன்றை எழுதிவருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்திரிகையாளர் ஜோசஃப் மிட்செல் அதை நம்பி 1942இல் அவரைப் பற்றி எழுதினார். அப்படியொரு கையெழுத்துப் பிரதியே இல்லை என்று, கோல்ட் இறந்த பிறகு, 1964இல் மிட்செலே மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. ஆளை உறுதிசெய்யும் முன் அவரை நன்கு அறிந்த இருவரிடமும், அவரோடு முரண்பட்டுப் பிரிந்த ஒருவரிடமாவது பேசுங்கள். எழுதியதாகச் சொல்லும் காகிதத்தைக் கண்ணால் பார்க்கக் கேளுங்கள்.