சூப்ராவில் சுழல மறுத்த இரண்டு இன்ஜெக்டர்கள்

என்னுடையது 1994-ஆம் ஆண்டு டொயோட்டா சூப்ரா, அமெரிக்கச் சந்தைக்கான டர்போ வண்டி. அதன் இன்ஜெக்டர்கள் (இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுபவை) நிமிடத்துக்கு 550 சிசி அளவுடையவை. அவற்றைக் கழற்றிவிட்டு, 1000 சிசி இன்ஜெக்டர்களையும், அவற்றுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாயான ஃபியூயல் ரெயிலை வெளிநிறுவன அலுமினியத் தயாரிப்பாகவும் பொருத்தினேன். போல்ட்டுகளை முறுக்கியதும் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் திருகிப் பார்த்தேன். நான்கு சுழன்றன, ஒரு முனையிலிருந்த இரண்டும் அசையவில்லை. அந்தப் பக்கம் ரெயிலைத் தாங்கும் ஸ்பேசர் சற்றே குட்டை; ரெயில் அவற்றை அழுத்திக்கொண்டிருந்தது. ஸ்பேசருக்கு அடியில் மெல்லிய வாஷர் ஒன்றை வைத்து, இன்ஜெக்டர்களின் ஓ-ரிங்குகளில் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) இன்ஜின் ஆயில் தடவி மறுபடி இறக்கியதும் ஆறும் சுழன்றன. காய்ந்த ரப்பரைத் திணித்தால் கிழிந்துவிடும், பிறகு பெட்ரோல் கசியும்.

உடனே இன்ஜினைக் கிளப்பவில்லை. வண்டியைச் சோதிக்க உதவும் டயக்னாஸ்டிக் பெட்டியில் பி பிளஸ் (பேட்டரி மின்சாரம்), எஃப்பி (பெட்ரோல் பம்ப்) முனைகளைக் கம்பித் துண்டால் இணைத்து, சாவியைத் திருப்பி, பெட்ரோல் பம்ப்பை மட்டும் ஓடவிட்டு மூட்டுகளை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈரமே இல்லை. (தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது, இதில் வீரம் வேண்டாம்.)

பழைய இன்ஜெக்டர்கள் குறைந்த மின்தடை கொண்டவை. அதனால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ரெசிஸ்டர் பெட்டி உண்டு. புதியவை 12 ஓம், அதாவது அதிக மின்தடை கொண்டவை என்பதால் அந்தப் பெட்டியை விலக்கி நேரடியாக வயர் கொடுத்தேன். கடைசியாக, தனியாகப் பொருத்திய இசியுவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இன்ஜெக்டர் அளவையும் திறக்கும் தாமதத்தையும் திருத்தினேன். அதைச் செய்யாமல் ஓட்டினால் பெட்ரோல் அதிகமாகிக் கரும்புகைதான் வரும்.