எம்ஜிபிக்கு ஹெட்டர் மாட்டும்போது வாஷரைப் பாருங்கள்

என் 1967 எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் ஹெட்டர், அதாவது எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி, மாட்டும்போது அரை நாளைத் தின்றது ஒரு வாஷர். முதல் நாள் இரவே பழைய மேனிஃபோல்டை (எஞ்சினோடு சேரும் குழாய்த் தொகுதி) பிடித்திருக்கும் நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். அவசரப்பட்டால் ஸ்டட் (நட்டு ஏறும் திருகுக் கம்பி) முறியும். இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களைக் கழற்றினால்தான் கை நுழையும்.

இந்த 1798 சிசி எஞ்சினில் இன்லெட்டும் (எரிபொருள் கலவை உள்ளே போகும் வழி) எக்ஸாஸ்டும் (புகை வெளியேறும் வழி) ஒரே பக்கம், ஒரே கேஸ்கெட். நடுவிலுள்ள தடித்த வாஷர்கள்தான் இரண்டின் ஃப்ளேஞ்சையும் (எஞ்சினோடு ஒட்டும் தட்டையான விளிம்பு) சேர்த்து அழுத்துகின்றன. புது ஹெட்டரின் ஃப்ளேஞ்ச் கொஞ்சம் மெலிந்திருந்தாலும் வாஷர் சாயும், அப்புறம் டப் டப் என்று கசியும். எனக்கு அதுதான் நடந்தது. இன்லெட் பக்கம் உட்காரும் பாதியை மட்டும் அரத்தால் ராவிப் படியாக்கினேன், சரியாகிவிட்டது.

சைலன்சர் பைப் முதலில் தளர்வாகவே இருக்கட்டும். மேலே இறுக்கிய பிறகுதான் கீழே கிளாம்ப். முதல் ஓட்டத்தில் ஹெட்டரின் பெயின்ட் புகையும், பயப்படாதீர்கள். எஞ்சின் ஆறியதும் நட்டுகளை இன்னொரு முறை இறுக்குங்கள்.