பி.எச்.பி. அணியில் உறுப்பைச் சேர்க்கும்போது சாவி எண்ணையும் கவனியுங்கள்

பி.எச்.பி. நிரல்மொழியில் ஓர் அணியின் (பல மதிப்புகளை ஒன்றாக வைத்திருக்கும் அமைப்பின்) கடைசியில் புதிய உறுப்பைச் சேர்க்க வெற்றுச் சதுர அடைப்புக்குறி போதும். மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்க இம்மொழி இடம் தருவதால், கோப்பை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்துக்கொண்டு கீழுள்ள வரிகளை அப்படியே எழுதிப் பார்க்கலாம்.

$காய்கள் = ['கத்தரி', 'முருங்கை', 'வெண்டை'];
$காய்கள்[] = 'அவரை';

ஒவ்வோர் உறுப்பின் இடத்தையும் குறிக்கும் சாவிகள் 0 முதல் தொடங்குவதால் அவரைக்கு 3 கிடைக்கிறது. இதே வேலையை அரே_புஷ் (array_push) என்ற செயற்கூறும் செய்யும். ஆனால் அது திருப்பித் தருவது அணியை அன்று, உறுப்புகளின் புதிய எண்ணிக்கையை. அதன் விடையை மறுபடி $காய்கள் மாறியிலேயே இட்டால் காய்கள் போய் 4 என்ற எண் மட்டும் மிஞ்சும். ஒரே ஓர் உறுப்புக்கு அடைப்புக்குறியையே நான் விரும்புவேன். பலவற்றை ஒருசேரச் சேர்க்கும்போதுதான் அரே_புஷ் கைகொடுக்கிறது.

சிக்கல் பெரும்பாலும் நீக்கிய பிறகு சேர்க்கும்போதுதான் வருகிறது. மேலுள்ள அணியில் 1ஆம் சாவியிலுள்ள முருங்கையை அன்செட் கொண்டு நீக்கிவிட்டுப் பீர்க்கையைச் சேர்த்தால், அது காலியான இடத்துக்குப் போகாமல் 4ஆம் சாவியில் அமரும். சாவிகள் 0, 2, 3, 4 என இடைவெளியோடு நிற்கும். இந்த அணியை, நிரல்களிடையே தரவை அனுப்பப் பயன்படும் ஜேசன் (JSON) வடிவத்துக்கு மாற்றினால் சதுர அடைப்புக்குறிப் பட்டியலுக்குப் பதிலாகச் சுருள் அடைப்புக்குறிப் பொருளாக வெளிவருவதால், பட்டியலை எதிர்பார்த்து எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தடுமாறும். அனுப்புவதற்கு முன் அரே_வேல்யூஸ் வழியே ஒருமுறை செலுத்தினால் எண்கள் 0 முதல் வரிசையாகிவிடும்.

முதலிடத்தில் சேர்க்க அரே_அன்ஷிஃப்ட் உண்டு. அது எண் சாவிகளை மீண்டும் 0 முதல் எண்ணிவிடும் என்பதால், வாடிக்கையாளர் எண் போன்றவற்றைச் சாவியாக வைத்திருக்கும் அணியில் அதைத் தொடாதீர்கள். சொல்லைச் சாவியாகக் கொண்டால் $விலை['தக்காளி'] = 40; என்று எழுதலாம்; தக்காளி ஏற்கெனவே இருந்தால் பழைய விலை சத்தமின்றி மாறிவிடும்.

இரண்டு அணிகளை இணைக்கக் கூட்டல் குறியை இடுவோர் பலர்.

$மொத்தம் = ['கத்தரி', 'முருங்கை'] + ['அவரை'];

இங்கே இரு பக்கமும் 0ஆம் சாவி இருப்பதால் இடப்பக்கக் கத்தரியே நிற்கும், அவரை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விடுபடும். மூன்றும் வேண்டுமானால் அரே_மெர்ஜ் செயற்கூறைப் பயன்படுத்த வேண்டும், 7.4ஆம் பதிப்பு முதல் [...$பழையவை, ...$புதியவை] என்று மூன்று புள்ளியிட்டும் எழுதலாம்.