டீக்கடை பெஞ்சில் கோணங்கி: மை வாஷில் வரையும் முறை

தஞ்சாவூர் பக்கம் மெலட்டூரில் நடக்கும் நாட்டிய நாடகமான பாகவத மேளாவில், கதை தொடங்குமுன் ஆடி வரும் கோமாளிதான் கோணங்கி. அந்தக் கூர்குல்லாயோடு அவரை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, மை வாஷில், அதாவது தண்ணீர் கலந்த மையைப் பூசி, வரைவோம். சிரிக்கிற முகம் வேண்டாம். உடுப்புதான் கோமாளி, உள்ளே இருப்பது ஆடி அலுத்த மனுஷன். முதுகு வளைந்து, முழங்கை தொடையில் ஊன்றியிருந்தால் போதும்.

300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள் (ஏ4), நீர்புகா இந்தியன் இங்க், 8, 2 எண் உருண்டை பிரஷ், தொடுபேனா, மூன்று கிண்ணி. தாளின் நாலு ஓரத்தையும் பரீட்சை அட்டையில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் ஈரத்தில் தாள் நெளிந்து, மை பள்ளத்தில் தேங்கும்.

முதலில் பென்சிலில் லேசாக வரைந்து, மேலே பேனாக்கோடு போட்டு நன்றாகக் காயவிடுங்கள். சாதாரண பேனா மை வேண்டாம், தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும்.

வெளிர், நடு, அடர் என மூன்று கலவை. 10 மி.லி. தண்ணீருக்கு முறையே 3, 12, 60 சொட்டு மை. காய்ந்தால் ஒரு படி வெளிறும். தனித் துண்டில் தடவிக் காயவைத்துப் பாருங்கள்.

வெளிரை முகம், டம்ளரிலிருந்து எழும் ஆவி இரண்டையும் விட்டு மற்ற இடமெல்லாம் பூசுங்கள். அரிதார வெள்ளைக்குத் தாளின் வெள்ளைதான். இந்த மை காய்ந்தபின் அழியாது, மை பட்டுப்போன வெள்ளையை மீட்க முடியாது.

அடுத்த பூச்சுக்கு முன் புறங்கையைத் தாளில் வையுங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம். அவசரப்பட்டால் காலிஃபிளவர் மாதிரி திட்டு விழும். ஐப்பசி மழையில் அரைமணிகூட ஆகும். சித்திரையிலோ பூசும்போதே ஓரம் காய்ந்து கோடாகிவிடும்; ஃபேனை நிறுத்திவிட்டு, பூசும் இடத்தை முதலில் வெறும் தண்ணீரால் நனையுங்கள்.

நடுக்கலவை சட்டை மடிப்புக்கும் பெஞ்சுக்கும். இனி, மெதுவாகச் செய்ய வேண்டிய இடம்: நெற்றிப்பொட்டிலிருந்து தாடைவரை வியர்வை அரிதாரத்தைக் கரைத்த ஒற்றைக் கோடு. 2 எண் பிரஷில் வெளிரை எடுத்து, துணியில் ஒற்றி, ஒரே இழுப்பு. இரண்டாம் முறை தொட்டால் தழும்பாகிவிடும். டம்ளரை விளிம்பில் பிடித்த இரண்டு விரலின் நிழலும் இதே பிரஷில்தான்.

கடைசியில் அடர்கலவையைக் குல்லாய்க்குப் பின்னாலும் பெஞ்சுக்கு அடியிலும் வையுங்கள். முகம் அப்போதுதான் வெள்ளையாகத் தெரியும்.

முழுதும் காய்ந்தபின் டேப்பை வெளிப்பக்கமாகச் சாய்த்து உரியுங்கள். பிரஷை மட்டும் காயவிடாமல் உடனே கழுவுங்கள்; மையிலிருக்கும் அரக்கு இறுகினால் முடி விறைத்துப்போகும்.